ஜிம் குதித்த படகும் பெரியப்பா அறுத்த கயிறும்

ஜோசப் கான்ராட் எழுதிய 'லார்ட் ஜிம்' நாவலை முடித்து ஒரு வாரம் ஆகிறது. திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரல் போகிற ரயிலில் காலையில் கொஞ்சம் சாயந்திரம் கொஞ்சம் என்று நாலு மாதம் படித்தேன், கொருக்குப்பேட்டையில் வண்டி சிக்னலுக்கு நின்றால் இரண்டு பக்கம் கூடுதலாக ஓடும். செய்த தப்பை உயிரைக் கொடுத்துக் கழுவிக்கொண்டவன் ஜிம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பாட்னா ஒரு பழைய துருப்பிடித்த கப்பல். மெக்கா யாத்திரைக்குப் போகிற எண்ணூறு பேர் அதில் இருக்கிறார்கள், ஏழே ஏழு படகு. ஜிம் பாதிரியார் வீட்டுப் பையன், கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. ராத்திரி கப்பல் எதிலோ இடித்துத் தண்ணீர் புகுகிறது. பயணிகளை எழுப்பாமலே கேப்டனும் எஞ்சினியர்களும் ஒரு படகை இறக்குகிறார்கள், ஜிம்மும் கடைசியில் அதில் குதித்துவிடுகிறான். ஆனால் கப்பல் மூழ்கவில்லை. பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று அதை ஏடன் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கிறது. சுக்கானைப் பிடித்திருந்த இரண்டு மலாய்க்காரர்கள் கடைசிவரை அதை விடவே இல்லை. யாரும் விடச் சொல்லவில்லை, அதனால் விடவில்லை. நாவலில் அவர்களுக்குச் சில வரிகள்தான், எனக்கு அவர்கள்தான் மனதில் நிற்கிறார்கள்.

இது முழுக்கக் கற்பனையும் இல்லை. 1880 ஆகஸ்டில் ஜெத்தா என்ற கப்பலை, தொள்ளாயிரத்துச் சொச்சம் யாத்திரிகர்களோடு நடுக்கடலில் விட்டுவிட்டு அதன் கேப்டனும் அதிகாரிகளும் தப்பினார்கள். ஏடனில் இறங்கி, கப்பல் மூழ்கிவிட்டது என்று சொன்னார்கள். மறுநாளே இன்னொரு கப்பல் அந்த ஜெத்தாவையே, ஆட்கள் உயிரோடு இருக்க, இழுத்து வந்து அங்கே நிறுத்தியது.

கான்ராடுக்கே நம்ம ஊரில் ஒரு மானப் பிரச்சினை நடந்தது. 1884 ஏப்ரலில் ரிவர்ஸ்டேல் என்ற கப்பலில் அதிகாரியாக மெட்ராஸ் வந்து, கேப்டனோடு தகராறாகி இங்கேயே வேலையை விட்டு இறங்கினார். நடத்தை எப்படி என்று சான்றிதழில் எழுத அந்தக் கேப்டன் மறுத்துவிட்டார். அப்போது துறைமுகச் சுவர்கள் 1881 புயலில் உடைந்து வேலை முடியாமல் கிடந்த நேரம். பாரிமுனைப் பக்கம் கைகாசு இல்லாத ஒரு அதிகாரியாக அவர் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். பாட்னாவைக் கைவிட்டதற்கான விசாரணையில் ஜிம்மின் அதிகாரிச் சான்றிதழ் ரத்தாகும் இடத்தை அவர் அவ்வளவு வலியோடு எழுதியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஜிம்முக்கு வலித்தது அந்தச் சான்றிதழ்தான். தன்னை வீரன் என்று நினைத்திருந்தான், அந்த நினைப்பு உடைந்ததுதான் அவன் துக்கம். பாட்னா பேச்சு வந்தாலே வேலையை விட்டுவிட்டு அடுத்த துறைமுகத்துக்கு ஓடுகிறான், கடைசியில் யாருக்கும் தன்னைத் தெரியாத பட்டுசான் என்ற ஊரில் போய்ப் பெரிய மனிதனாகிறான். இதை நான் மானம் என்று சொல்வேன், குற்றவுணர்ச்சி என்று சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு. இதை எனக்குக் காட்டியவர் பெரியப்பா.

பெரியப்பா காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். நான் ஆறாவது படிக்கும்போது, ஐப்பசி மழைக்காலத்தில், இஞ்சின் நின்றுபோன ஒரு ஃபைபர் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். அதில் எங்கள் தெரு ஆட்கள் மூன்று பேர். நடுவில் கடல் பொங்கி, கயிறு இழுத்த இழுப்பில் இவர் போட்டின் பின்பக்கம் தண்ணீர் ஏற, கத்தியை எடுத்து அறுத்துவிட்டார். மறுநாள் வேறொரு போட்டுக்காரர்கள் மூன்று பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாள் விசாகப்பட்டினம் போய்விடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பெரியப்பா போகவில்லை. அந்த மூன்று வீட்டு வாசலிலும் போய் நின்றார். ஒரு வீட்டில் அந்த அக்கா தெருவே கேட்கத் திட்டினார், பெரியப்பா தலையைத் தூக்கவில்லை. அப்புறமும் தினமும் ஹார்பருக்கு அந்த வாசல் வழியாகத்தான் போனார். சுற்றிப் போக வேறு தெரு இருந்தது. அந்த வீட்டு மனிதர் நாலு வருஷம் அவரோடு பேசவில்லை. நானும் கூட நடக்கக் கூச்சப்பட்டு சைக்கிளில் முன்னால் போய்விடுவேன், இப்போது அது உறுத்துகிறது.

ஜிம்முடைய முடிவைப் பெரிய தியாகமாகச் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. பிரவுன் என்ற கொள்ளைக்காரனை நம்பி, யாருக்காவது ஏதாவது ஆனால் என் உயிரைத் தருகிறேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்து அவனைப் போக விடுகிறான், பிரவுன் போகிற வழியில் ஊர்த் தலைவர் டொராமினின் மகனையே கொன்றுவிடுகிறான். ஜிம் நேராக அந்த அப்பா முன்னால் போய் நெஞ்சைக் காட்டி நிற்கிறான். கவரிமான் குறள் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், படிக்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் பாண்டியன் "கெடுக என் ஆயுள்" என்று விழுந்து செத்ததில் கண்ணகிக்கு என்ன திரும்பி வந்தது? அவள் கோபம் அதோடு அடங்கியதா? ஜிம்மை நம்பியிருந்த அவன் காதலி ஜூவெல் எவ்வளவோ கெஞ்சியும் அவளை உதறிவிட்டுத்தான் சாகப் போகிறான், அவள் அவனை மன்னிக்கவே இல்லை. கான்ராட் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். படிக்கிற நாம்தான் அவளைத் தாண்டிப் போய் அவனுக்குக் கை தட்டுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் முழுக் கதையும் சொன்னேன். எழுபது தாண்டிவிட்டது, வலை பின்னிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏன்டா, அந்த எண்ணூறு பேர்ல ஒருத்தனையாச்சும் இவன் போய்ப் பாத்தானா?"

வீட்டுக்கு வந்து திரும்பவும் புரட்டினேன். அப்படி ஓர் இடம் இல்லை. கப்பலை விட்டு இறங்கும் முன்னால் ஒரே ஒரு யாத்திரிகர் இருட்டில் ஜிம்மைப் பிடித்து நிறுத்துகிறார். கத்தி ஊரைக் கூட்டிவிடுவாரோ என்று பயந்து கையிலிருந்த விளக்காலேயே அவர் முகத்தில் அடித்துவிடுகிறான் ஜிம். அவர் கேட்டது தண்ணீர், உடம்பு சரியில்லாத அவர் பிள்ளைக்கு.