அப்டேட் போட்டவன் திருடன், போடாதவன் யோக்கியன்

என் போனின் ஓஎஸ்ஸை (போனை இயக்கும் அடிப்படை மென்பொருளை) நானே மாற்றியதால் வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது என்று காட்டி, முந்தாநாள் நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டுக்கு வந்த கமெண்ட்டுகளை எல்லாம் பொறுமையாகப் படித்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை, மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். "உன்னை யார் அதைப் போடச் சொன்னது?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். "போனை நோண்டாமல் சும்மா இருந்திருந்தால் வேலை செய்திருக்கும்" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அதற்கு லைக் வேறு அள்ளுகிறது.

சரிண்ணே. யாரும் போடச் சொல்லவில்லைதான். போனைச் செய்த நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. ஸ்கிரீனில் ஒரு கீறல் இல்லை, பேட்டரியை மாற்றிவிட்டேன், வேகத்துக்கும் குறைவில்லை. பொருள் நன்றாக இருக்கும்போதே, அதைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கு என்கிறார்கள். நான் வாங்கவில்லை. லீனேஜ் ஓஎஸ் போட்டேன். அது ஏதோ திருட்டுச் சரக்கு மாதிரிச் சிலர் பேசுவதால் சொல்கிறேன்: ஆண்ட்ராய்டின் அடிப்படை மூலநிரலை கூகுளே பொதுவில் வெளியிடுகிறது. அதை எடுத்து, நிறுவனங்கள் கைவிட்ட போன்களுக்கும் ஓடும்படி தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டித் தருகிறார்கள். இதே வேலையை முன்பு செய்துவந்த சயனோஜென்மாட் 2016 கடைசியில் இழுத்து மூடப்பட்டபோது அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் லீனேஜ். ஒளிவுமறைவு எதுவும் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கிரீன்ஷாட் போட்ட அன்று இரவு என் போனையும் அம்மாவின் போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் செட்டிங்ஸ் போய், ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட் என்ற வரியைப் பார்த்தேன். என்னுடையதில் போன மாதத்துத் தேதி. அம்மாவுடையதில் 2020. அதற்குப் பிறகு ஆண்ட்ராய்டில் கண்டுபிடித்து அடைக்கப்பட்ட ஓட்டைகள் பலவும் அந்தப் போனில் திறந்தபடியே இருக்கின்றன. போதாக்குறைக்கு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத டார்ச் லைட் ஆப் ஒன்று லாக் ஸ்கிரீனிலேயே விளம்பரம் காட்டுகிறது. அதில் வங்கிச் செயலி அழகாகத் திறந்து "வணக்கம்" சொல்கிறது. என் போனில் அதே வங்கியின் அதே செயலி "இந்தச் சாதனம் பாதுகாப்பற்றது" என்று ஒரு வரி காட்டிவிட்டுத் தானே மூடிக்கொள்கிறது.

இதில் பாதுகாப்பு எங்கே வந்தது?

திரும்பத் திரும்ப நான் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான், இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். இந்த மாதிரிச் செயலிகள் பல, போன் நல்லதா கெட்டதா என்று கூகுளின் சேவை ஒன்றிடம் கேட்டுக்கொள்கின்றன. முன்பு சேஃப்டிநெட் என்றார்கள், இப்போது பிளே இன்டெக்ரிட்டி. அது முக்கியமாகப் பார்ப்பது, போனில் இருப்பது கூகுள் சான்று பெற்ற மென்பொருளா, பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் நிரல்) பூட்டியிருக்கிறதா என்பதை. அடையாள அட்டையை மட்டும் பார்த்து உள்ளே விட்டுவிட்டு, பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காத வாட்ச்மேன் வேலை. விவரம் தெரிந்த ஒருவர் உடனே, "மேல்நிலைச் சோதனையில் ஒரு வருடத்துக்குள் அப்டேட் போட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்களே" என்று வருவார். வாருங்கள். ஆண்ட்ராய்டு 13, அதற்கு மேல் உள்ள போன்களில், அந்த மேல்நிலைச் சோதனையில் மட்டும். அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கினால் அம்மா மாதிரி வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்? எந்த வங்கி அதைச் செய்யும்? என்னை வெளியே நிறுத்துவது சுலபம், நிறுத்துகிறார்கள்.

"ரூட் பண்ணினால் ஆபத்துதானே" என்று கேட்பவர்களுக்கு: நான் ரூட் பண்ணவே இல்லை. வேறு ஓஎஸ் போடுவதற்காக பூட்லோடரைத் திறப்பது வேறு, ஓஎஸ்ஸுக்குள் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளும் ரூட் வேறு. ஓர் இழவும் புரியாமல் "ஹேக் பண்ணின போன்" என்று எழுதுவது எரிச்சலாக இருக்கிறது. பூட்லோடர் திறந்திருக்கும் போன் திருடன் கையில் கிடைத்தால் ஆபத்து அதிகம் என்பது உண்மை, மறுக்கவில்லை. போனை நான் தொலைக்க மாட்டேன், அவ்வளவுதான்.

அப்படியே அதுதான் பிரச்சினை என்றால் கிராஃபீன் ஓஎஸ்ஸுக்கு என்ன பதில்? அதுவும் ஆண்ட்ராய்டை வைத்துக் கட்டிய ஓஎஸ்தான். கூகுளின் பிக்சல் போன்களுக்காகவே செய்யப்பட்டது, போட்ட பிறகு பூட்லோடரைத் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம். பாதுகாப்பு ஒன்றையே குறியாக வைத்து உருவானது. அது உண்மையான கிராஃபீன்தானா என்று செயலிகளே வன்பொருள் வழியாகச் சரிபார்த்துக்கொள்ளும் முறையைக்கூட அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். செயலி எழுதுபவர்கள் கொஞ்சம் மனசு வைத்தால் போதும். வைக்காத செயலிகளில் அதற்கும் இதே கதவடைப்புதான். பூட்டினாலும் தப்பு, திறந்தாலும் தப்பு!

இன்னொன்று. அதே வங்கியின் இணையதளம் என் மடிக்கணினியில் திறக்கிறது. அந்த மடிக்கணினியில் நான்தான் அட்மின். எதை வேண்டுமானாலும் நிறுவலாம், எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், ஓஎஸ்ஸையே மாற்றலாம். "உன் கணினியை நீயே நிர்வகிக்கிறாய், அதனால் உனக்குப் பணம் அனுப்ப அனுமதியில்லை" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. கணினி என்றால் வாங்கியவனுடையது. போன் மட்டும் ஏன் இப்படி?

எனக்கு இந்த மாற்று ஓஎஸ் ஆசை புதிதில்லை. விண்டோஸ் போன் வைத்திருந்தவன் நான். அந்த டைல்களும் அந்தக் கீபோர்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன. ஆப் வரவில்லை, செத்துப்போனது. மைக்ரோசாஃப்ட்டிடம் இல்லாத பணமா? 2013-இல் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் வந்தது, 2015 கடைசியிலேயே மோசில்லா கையை உதறியது. உபுண்டு டச் என்ற ஓஎஸ்ஸை 2017-இல் அதைச் செய்த கனோனிக்கல் நிறுவனமே கைவிட்டது, யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழுவினர் எடுத்து இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். நோக்கியாவில் இருந்தவர்கள் பின்லாந்தில் தொடங்கிய ஜொல்லா நிறுவனத்தின் செயில்ஃபிஷ் ஓஎஸ் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போதெல்லாம் மாற்று ஓஎஸ் என்றால் ஆப் இல்லை என்பதுதான் குறை. லீனேஜில் அந்தக் குறையே இல்லை. ஆப் இருக்கிறது, நிறுவவும் முடிகிறது. திறந்தால்தான் துரத்துகிறது. அன்றைக்காவது கடையில் சரக்கில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ள முடிந்தது.

"மறைக்க என்ன இருக்கிறது உனக்கு" என்று கேட்டவர் தன் போனை லாக் எடுத்து என்னிடம் ஒரு மணி நேரம் கொடுக்கட்டும், பிறகு பேசலாம். "பேசாமல் ஐபோன் வாங்கு" என்றவருக்கு என்ன சொல்வது? ஒரு நிறுவனம் சொல்வதைக் கேட்டு நடப்பது பிடிக்கவில்லை என்கிறேன், இன்னொரு நிறுவனம் சொல்வதைக் கேள் என்கிறீர்கள்.

கமெண்ட்டில் சிரித்தவர்களில் ஒருவருடைய பழைய டேப்லெட்டை நான்தான் உட்கார்ந்து உயிர்ப்பித்துக் கொடுத்தேன். கேபிளைச் செருகி, வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஓஎஸ் மாற்ற வழிவிடும் ஃபாஸ்ட்பூட் திரை வருகிறதா என்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய பிள்ளை இன்றும் அதில்தான் படிக்கிறது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, அவருக்கே தெரியும். அன்றைக்கு அது "நோண்டல்" இல்லை போலிருக்கிறது.

இது வங்கியோடு நிற்கும் என்று நினைக்காதீர்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து போடும் ஆப்களைச் செய்பவர்களும் தங்கள் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சான்று பெற்ற போன்களில் அவை ஏறாது என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் தொடங்கி, பிறகு மற்ற நாடுகளுக்கும் என்று திட்டம். எஃப்-டிராய்டு போன்ற இடங்களில் திறமூல ஆப் எடுப்பவர்கள் கொந்தளித்த பிறகு, விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு தனி வழி விடுகிறோம் என்று நவம்பரில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். என் காசில் வாங்கிய போனில் ஒரு ஆப் போட "விவரம் தெரிந்தவன்" என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். இதற்கும் காரணம் பாதுகாப்புதான். கேட்டால் மோசடிக்காரர்களிடமிருந்து மக்களைக் காப்பாற்றுகிறார்களாம். அம்மாவின் போனில் இருக்கும் அந்த டார்ச் லைட் பிளே ஸ்டோரிலிருந்து வந்ததுதான், பார்த்துவிட்டேன்.

வங்கிக்கு மெயில் போட்டிருக்கிறேன். "உங்கள் சாதனத்தைத் தயாரிப்பாளரின் ஓஎஸ்ஸுக்கு மாற்றவும்" என்று பதில் வந்திருக்கிறது. அப்டேட் நின்றுபோன அந்த ஓஎஸ்ஸுக்கு! வங்கி மனசு மாறும்வரை பிரவுசரில்தான் பணம் அனுப்பப் போகிறேன்.

கடைசியாக, "நானே உனக்குப் புது போன் வாங்கித் தருகிறேன், இந்தப் புலம்பலை நிறுத்து" என்று எழுதிய நண்பருக்கு: மிக்க நன்றி, முகவரியை இன்பாக்ஸில் அனுப்பிவிட்டேன். பிக்சலாக இருக்கட்டும். சிம் சேவை தரும் நிறுவனம் பூட்டி விற்கும் மாடல்கள் சிலவற்றில் பூட்லோடரைத் திறக்க முடியாது, அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.