ரவுட்டரை அணைத்துப் போட்டால் வைரஸ் போய்விடுமா?

"வாரம் ஒருமுறை ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும், வைரஸ் அழிந்துவிடும், ஃபர்ம்வேர் அப்டேட் எல்லாம் வேண்டாம்." (ஃபர்ம்வேர் என்பது ரவுட்டருக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்.) வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற, வைரஸ் போன்ற தீநிரல் 54 நாடுகளிலாவது பரவி, குறைந்தது 5 லட்சம் சாதனங்களைப் பிடித்திருந்தது. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.தான். ஆனால் அந்தத் தீநிரல் மூன்று கட்டங்களாக இறங்குவது; அணைத்தால் அழிந்தது அதன் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் மட்டும். முதல் கட்டம் உள்ளேயே உட்கார்ந்திருந்து, மீண்டும் இணையத்தைத் தேடிப் போய் மற்றவற்றை இறக்கப் பார்க்கும். அது தேடிப் போகும் இணைய முகவரி ஒன்றை எஃப்.பி.ஐ. ஏற்கெனவே கைப்பற்றியிருந்ததால், எந்தெந்தச் சாதனங்கள் பாதிக்கப்பட்டவை என்று தெரிந்துகொள்ள முடிந்தது. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னதும் அதே அறிவிப்புதான். ஃபார்வர்டு செய்தவர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டார்கள்!

அணைத்துப் போடுவது தற்காலிக நினைவகத்தில் இருப்பதைத் துடைக்கும். திருடன் நுழைந்த ஓட்டையை அடைக்காது. ஓட்டையை அடைப்பது அப்டேட்தான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல், வெர்ஷன் இரண்டும் பொருந்தும் கோப்பைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்தே எடுங்கள். அப்டேட் ஏறும்போது மின்சாரம் போனால் ரவுட்டர் வேலை செய்யாமல் வெறும் செங்கல்லாகிவிடலாம். மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.