கம்பி கக்கிய துருவும் நம் போர்வெல் தண்ணீரும்

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடந்த தண்ணீர்ச் சோதனையைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி ஓடும் பேச்சைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நம் தண்ணீர் அழுக்கு என்ற முடிவு எப்படிக் கிடைத்தது?

தண்ணீர் வடிகட்டும் கருவி விற்க வந்தவர் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சியதும் நம் தண்ணீர் பழுப்பாகியது, வடிகட்டிய தண்ணீர் தெளிவாகவே நின்றது. அந்தப் பழுப்பு நம் தண்ணீரின் அழுக்கு அன்று. மின்சாரத்தால் இரும்புக் கம்பியே கரைந்து வந்த துரு. வடிகட்டிய தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, நிறமும் மாறுவதில்லை. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள், அதுவும் பழுப்பாகும். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதற்குப் பெயர்தான் சோதனை.

'டிடிஎஸ் மீட்டர் 1,100 காட்டியதே' என்கிறார்கள். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் மொத்த அளவு. மீட்டர் கரைந்திருப்பதை எடை போடுவதில்லை. மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கிக் கணக்கிட்ட எண்ணைத் தருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரையும் சொல்கிறது. மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடுக்கோ 1.5 மில்லிகிராம்தான் உச்ச எல்லை. ஆயிரத்தைக் காட்டும் மீட்டரில் அந்த ஒன்றரை எப்படித் தெரியும்? கிருமி இருந்தால் அதுவும் தெரியாது. எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதவரை அந்த எண்ணால் பயன் இல்லை.

'அனுபவத்தை மதிக்காதவள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் அப்பாரு ஒவ்வோர் ஐப்பசியிலும் தோட்டத்துக் கிணற்றுச் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, பக்கத்திலேயே வருடத்தையும் எழுதி வைப்பார். மழை பொய்த்த வருடத்தில் தண்ணீர் எத்தனை படி இறங்கியது என்பதை அந்தச் சுவரிலிருந்து இன்றும் படிக்கலாம். எங்கே, எப்போது, எப்படி என்ற மூன்றும் அதில் இருப்பதால் அது தரவு. அத்தகைய அனுபவத்தை நான் தலைமேல் வைத்துக் கொள்வேன்.

'ஆய்வகமும் காசுக்கு எழுதித் தராதா?' தரலாம். ஆனால் அறிக்கையில் மாதிரி எடுத்த நாளும் சோதித்த முறையும் இருக்கும். அதே தண்ணீரை வேறோர் ஆய்வகத்தில் கொடுத்துச் சரிபார்க்கலாம். விற்பவரே சோதிப்பவராகவும் இருக்கும் இடத்தில் அதற்கு வழி ஏது?

'படித்த திமிர்' என்று எழுதியவன் என்னிடம் வேதியியல் படித்த பையன். அதுதான் வலிக்கிறது. எங்கள் வீதி அத்தை ஒருவர் அந்தக் கருவிக்காகத் தோட்டை அடகு வைத்திருக்கிறார். அவரிடம் யாருமே நிதானமாகப் பேசவில்லை. குழுவிலிருந்து என்னை நீக்குவதென்றால் நீக்கிக் கொள்ளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நம் போர்வெல் தண்ணீரைக் கொடுக்கப் போகிறேன். அறிக்கை வந்ததும், நமக்குச் சாதகமோ பாதகமோ, பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டுவேன்.