அந்த நீலப் பலகை அரசாங்கம் வைத்தது அல்ல

“காலப் பயணத்தைக் கண்டுபிடித்தவருக்கு லண்டனில் பிரிட்டிஷ் அரசே நினைவுப் பலகை வைத்திருக்கிறது”ன்னு மேலே படத்தோடு போட்டிருக்கீங்க. படம் நிஜம், தகவல் தப்பு. பலகையில் பேர் இருக்கிற ஜேக்கப் வான் ஹாக்ஃப்ளூம்னு ஒருத்தர் இருந்ததே இல்லை. அது குறும்புக்காகச் செய்த போலிப் பலகை.

பலகையில் இருக்கிற வரியை நிதானமா வாசிச்சுப் பாருங்க: 1864-ல் பிறந்து 1909-ல் இறந்தவர், இந்த வீட்டில் 2189-ல் “வசித்தார்”. அந்த இறந்தகாலத்தில்தான் மொத்த நகைச்சுவையும் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பலகை, அது வேற விஷயம்.

பிரபலங்கள் இருந்த லண்டன் கட்டடங்களில் நினைவுப் பலகை வைக்கிற அசல் நீலப் பலகைத் திட்டம் 1866-ல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் தொடங்கியது. இப்போ நடத்துறது இங்கிலிஷ் ஹெரிடேஜ். அதுவும் அரசுத் துறை இல்லை, அறக்கட்டளை. சம்பந்தப்பட்டவர் இறந்து 20 ஆண்டு ஆகியிருக்கணும், அவர் இருந்த கட்டடமும் இன்னும் நிற்கணும். பலகை பீங்கான், கிட்டத்தட்ட 50 செ.மீ. அகலம். எழுத்துகளைக் கையாலேயே களிமண் குழம்பால் வரைவாங்க, தடவினால் மேடு தட்டும். மேலே அமைப்பின் பெயர் இருக்கும்.

நீலமா வட்டமா இருந்தாலே அசல்னு நம்பிடாதீங்க. லண்டன் பேக்கர் தெரு 221பி-யில், கதையில் வர்ற துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸுக்கு இருக்கிற பலகையும் இந்தத் திட்டத்தில் சேராது. பிறக்கவே பிறக்காதவருக்கு 20 ஆண்டை எங்கிருந்து எண்ணுறது?