வைஃபை வரவில்லை என்றால் டிஸ்ட்ரோவையே மாற்றச் சொல்வதா?

லினக்ஸ் இயங்குதளத்துக்கு டெபியன், உபுண்டு, மின்ட், ஆர்ச் என்று பல வடிவங்கள் உண்டு; அவற்றைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். மடிக்கணினியில் டெபியன் 11 நிறுவிய ஒருவர் வைஃபை வரவில்லை என்று நம் லினக்ஸ் அன்பர்களிடம் கேட்டால், ஒருவர் உபுண்டுவுக்கு மாறச் சொல்கிறார். இன்னொருவர், உபுண்டுவில் ஸ்னாப் என்ற மென்பொருள் நிறுவல் முறையைத் திணிக்கிறார்கள், மின்ட் போடுங்கள் என்கிறார். மூன்றாமவரோ, யாரும் கேட்காமலேயே, தாம் ஆர்ச் பயன்படுத்துவதாக அறிவித்துவிட்டுப் போகிறார். எத்தனை காலம்தான் இதைப் பொறுத்துக்கொள்வது?

இன்டெல் வைஃபை சில்லுக்கான ஃபர்ம்வேர் (சில்லை இயக்கும் நிரல்) திறந்த மூல நிரல் அல்ல என்பதால், டெபியன் 11 வரை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் அது இடம்பெறவில்லை. கைபேசியை யூஎஸ்பி வழியாக இணைத்து இணையத்தைப் பெற்று, மென்பொருள்களை எங்கிருந்து எடுப்பது என்று குறிக்கும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் கான்ட்ரிப், நான்-ஃப்ரீ ஆகிய இரண்டு பிரிவுகளையும் சேர்த்து, ஐடபிள்யூஎல்வைஃபை ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி மறுதொடக்கம் செய்தால் வேலை முடிந்தது. 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, இத்தகைய ஃபர்ம்வேரும் நிறுவல் கோப்பில் இடம்பெறலாம் என்று விதியைத் தளர்த்தியதால், 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதல் இந்தத் தொல்லையும் இல்லை. இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதைச் சொல்லாமல் வட்டையே அழித்து வேறொன்றை நிறுவச் சொல்வது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

இத்தனைக்கும் மின்ட் நிற்பது உபுண்டுவின் மேல். உபுண்டு நிற்பது டெபியனின் மேல். ஆர்ச்சைக் கிண்டல் செய்கிற டெபியன்காரரும் சிக்கல் என்று வந்தால் ஆர்ச் விக்கி என்ற இணையக் கையேட்டைத்தான் திறக்கிறார். பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளக் குடும்பத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஏளனம் செய்கிற லினக்ஸ்காரர் தம் சர்வருக்குள் நுழைவதோ, ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் எழுதிய ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு மென்பொருள் வழியாக.

கணினி தொடங்கும்போது மற்ற சேவைகளை இயக்கிவைக்கும் சிஸ்டம்டி குறித்த சண்டையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2014இல் டெபியன் அதைத் தேர்ந்தெடுத்தபோது எழுந்தது உண்மையான தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு. ஏற்காதவர்கள் டெவுவான் என்று தனியாக ஒரு டிஸ்ட்ரோவை உருவாக்கியே காட்டினார்கள். அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஒரு வரி நிரலும் எழுதாமல், ஒரு வழுவைக்கூடப் பதிவு செய்யாமல் கொடி பிடிப்பவர்கள் மீதுதான் என் ஆத்திரம்.

2024 மார்ச்சில், டெபியனின் நிலைப்படாத பதிப்பில் எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலுக்குள் யாரோ ஒளித்துவைத்திருந்த பின்கதவை (ரகசிய நுழைவழியை) கண்டுபிடித்து உடனே எல்லோரையும் எச்சரித்தார். டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே, ஆர்ச் ஆகிய டிஸ்ட்ரோக்கள் அனைத்தும் அந்தப் பதிப்பை அவசர அவசரமாக அகற்றின. கண்டுபிடித்தவர் டெபியனில் கண்டுபிடித்தார் என்பதற்காக, எச்சரிக்கையை ஏற்க மாட்டோம் என்று ஃபெடோராவிலோ ஆர்ச்சிலோ எவரும் முறுக்கிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.