நாட்டு விதைக்கு மேடை, அதன் காட்டுச் சொந்தத்துக்குக் களைக்கொல்லி

ஆடிப்பட்டம் நெருங்கினால் நம்ம பக்கம் விதைத் திருவிழாக்கள் களைகட்டும். நான் போவேன், வாங்குவேன், வராத நண்பர்களையும் இழுத்துக்கொண்டு போவேன். அங்கே எனக்கு ஒரே ஒரு சண்டைதான். 'இயற்கை கொடுத்த விதை, மனிதன் கை வைக்காத விதை' என்று பேசுகிறார்களே, அதோடுதான். மனிதன் கை வைக்காத கம்பு என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் அதைக் களத்துமேடு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கவே முடியாது.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கொழுக்கட்டைப்புல் விதை சேகரித்துப் பாருங்கள். கதிர் முழுக்க ஒரே சமயத்தில் முற்றாது. முற்றியது அப்போதே உதிர்ந்து காற்றோடு போய்விடும். நாம் கூடையோடு போவதற்குள் பாதி மண்ணில் கிடக்கும். புல்லுக்கு அதுதான் பிழைப்பு, உதிர்ந்தால்தானே அடுத்த தலைமுறை. இந்தப் புல்லையும் நம்ம கம்பையும் தாவரவியலாளர்கள் இப்போது ஒரே பேரினத்தில், செங்க்ரஸ் என்ற பெயரின் கீழ், சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் பங்காளிகள். ஒருத்தன் முற்றியதும் கொட்டிவிடுகிறான். இன்னொருத்தன் அடித்து உதிர்க்கிற வரைக்கும் மணியை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறான். காட்டுச்செடி பயிரான கதையில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடும்.

இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. காட்டுப்புல்லில் எங்கேயோ ஒரு செடி, பிறவிக் கோளாறாக, மணி உதிர்க்காமல் நிற்கும். காட்டில் அதற்கு வம்சம் தழைக்காது. அரிவாளோடு மனிதர்கள் வந்த பிறகுதான் கணக்கு மாறியது. அறுக்கும்போது உதிர்வது தரைக்குப் போகிறது, உதிராதது வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்கு வந்ததில் ஒரு பங்கை அடுத்த வருஷம் புது நிலத்தில் விதைக்கிறார்கள். இப்படியே விதைக்க விதைக்கக் கோளாறுச் செடியின் கூட்டம் பெருகிவிட்டது. கதிரைத் தட்டிக் கூடையில் உதிர்த்துச் சேர்த்திருந்தால் இது நடந்திருக்காது, ஏனென்றால் உதிர்கிற விதைதான் கூடைக்குள் விழும்.

1960களில் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர் துருக்கியில் ஒரு மலைச்சரிவில் தானாக விளைந்து நின்ற காட்டுக் கோதுமையைக் கல் அரிவாளால் அறுத்துப் பார்த்தார். மணிக்குச் சுமார் ஒரு கிலோ சுத்தத் தானியம் கிடைத்தது. ஒரு குடும்பம் மூன்று வாரம் அறுத்தால் வருஷத்துக்குத் தின்று தீராது என்று கணக்குச் சொன்னார். அவ்வளவு சும்மாக் கிடைக்கும்போது எதற்கு உழுது விதைத்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். (பண்ணையம் பார்க்கிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது இதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறோம், அது வேறு.) கணக்குப்படி பார்த்தால் உதிராத குணம் நிலைக்க இருநூறு வருஷமே போதும். தோண்டி எடுத்த தானியங்களோ இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆனது என்கின்றன. தான் ஒரு பயிரை உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது நடுவில் எந்தத் தலைமுறைக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு பாதிக் கதை நம்ம கொள்ளில் இருக்கிறது. கொள்ளு தென்னிந்தியாவிலேயே பயிரானது. காட்டு விதைக்குத் தோல் தடிமன். தண்ணீர் சுலபமாக உள்ளே போகாது, அதனால் எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைக்காது. இந்த மழை ஏமாற்றினால் அடுத்த மழைக்கு என்று கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்ளும். விதைத்தவனுக்கு அது ஆகாது, எல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும். சார்லின் மர்ஃபி, டோரியன் ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கி.மு. 2000 தொடங்கிப் பல காலத்துக் கொள்ளு விதைகளை, அகழாய்வில் கிடைத்தவற்றை, உடைக்காமல் சக்திவாய்ந்த எக்ஸ்ரே கதிர் செலுத்திப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். காலம் போகப் போகத் தோல் மெலிந்திருக்கிறது. வாரம் தவறாமல் நம்ம வீட்டில் வேகிற கொள்ளுப்பருப்புக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருப்பதை இங்கே யாராவது மேடையில் சொல்லியிருக்கிறார்களா?

சோளமும் கம்பும் ராகியும் ஆப்பிரிக்காவில் பயிரானவை. சோளம் சூடான் பக்கம், கம்பு சஹாராவுக்குத் தெற்கே, ராகி கிழக்கு மேட்டுநிலங்களில். நிலக்கடலையும் மரவள்ளியும் தென் அமெரிக்கா. உடுமலை, பல்லடம் கோழித்தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளம் மெக்சிகோவில் ஒரு காட்டுப்புல்லிலிருந்து வந்தது. அதனால் இவை நாட்டுப் பயிர் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கான வருஷம் நம்ம மானாவாரியில் விளைந்த சோளத்தை வெளியூர்க்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனிடம் காட்டுக் குணம் முழுசாகப் போய்விடவும் இல்லை. மழை தப்பி வாடிய இளஞ்சோளத்தையோ, அறுத்த கட்டையில் துளிர்த்த மறுதாம்பையோ மேய்ந்தால் மாடு விஷமேறிச் செத்துப்போகலாம். அந்த விஷம் சயனைடு, செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருப்பது.

சரி, நான் சொல்ல வந்தது பயிர்களின் காட்டுச் சொந்தங்களைப் பற்றி. கரும்பிலிருந்து தொடங்குகிறேன்.

கரும்பு ஆராய்ச்சி நிலையம் கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கியது. இங்கே கரும்பு பூத்து விதை பிடிக்கும், அதனால்தான் இந்த ஊர். அன்றைக்கு வட இந்தியாவில் விளைந்தது ஒல்லிக் கரும்பு, மகசூல் குறைவு. நம்ம பக்கத்துத் தடித்த கரும்பு அங்கத்தைய குளிருக்குத் தாங்காது. நிலையத்து ஆய்வாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள் தெரியுமா? வெள்ளை என்ற தடிக்கரும்போடு நாணலைக் கலப்புச் செய்தார்கள். ஆமாம், ஆற்றோரம் வெள்ளைப் பூவோடு நிற்குமே, அதே நாணல். ஒல்லித் தண்டு, இனிப்பு பேருக்குத்தான். அந்தக் கலப்பில் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. வறட்சி தாங்குவது, நோய் தாங்குவது, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது எல்லாம் நாணல் கொடுத்த சீதனம். இன்று உலகம் முழுக்க ஆலைக்குப் போகிற கரும்பின் குரோமோசோம்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை நாணலுடையது. 1930களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இதே நிலையத்தில் இருந்துகொண்டு கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்தார். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

நெல்லிலும் இதே கதை. புகையான் என்ற பூச்சி பரப்புகிற குட்டை நோய் ஒன்று 1970களில் ஆசிய வயல்களை அழித்தபோது, பிலிப்பைன்ஸில் ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சலித்தார்கள். கைகொடுத்தது உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல், ஒரே ஒரு மாதிரி. ஐ.ஆர்.36 என்ற நெல் ரகம் அதன் வாரிசு.

இப்படிப்பட்ட காட்டுச் சொந்தங்கள் நிற்கிற இடத்துக்கு, தோட்டங்களுக்கு நடுவே வேலியோடு போகிற பாதையான நம்ம ஊர் இட்டேரிக்கு, இப்போது வாருங்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, அதில் கோவைக்கொடி, கீழே பேர் தெரியாத புல் பத்து வகை, வரப்போரம் பாசிப்பயறுக்கு ஒன்றுவிட்ட உறவான நரிப்பயறு. ஜேசிபி ஒரு பகலில் அதை முப்பது அடி ரோடாக்கிவிடும். வரப்பில் புல் நின்றால் கௌரவக் குறைச்சல் என்று களைக்கொல்லி அடிக்கிறோம். கொரங்காடு வீட்டுமனை சைட்டாகிறது. சாயத்தண்ணீர் ஓடிய நொய்யல் கரை பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விதைத் திருவிழாவில் கவரில் போட்டு விற்கிற விதையைப் பத்து வருஷம் மறந்தாலும் எங்கோ ஒரு விதை வங்கியில் இருக்கும். இந்த வேலியோர உறவுகளில் பலதை யாரும் எடுத்தே வைக்கவில்லை. நாட்டு விதைக்காகப் பேசுகிற அத்தனை பேரும் தங்கள் தோட்டத்து வேலியில் ஒரு பக்கத்தை மட்டுமாவது மருந்து அடிக்காமல் விட்டால் போதும். பைசா செலவில்லை.

கீழே என்ன கமெண்ட் வரும் என்றும் தெரியும். 'எல்லாமே மனிதன் மாற்றியதுதான் என்றால் மரபணு மாற்றப் பயிரும் சரிதானே?' மாற்றுவது பாவம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கோ 205ஐப் பாராட்டிவிட்டு அப்படிச் சொல்லவும் முடியாது. வருஷா வருஷம் கடையில்தான் வாங்க வேண்டும் என்கிற விதைதான் எனக்கு உறுத்துகிறது, அது எந்த முறையில் வந்திருந்தாலும். அதை விரிவாகப் பேச இன்னொரு பதிவு வேண்டும். இங்கே இட்டேரியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.