பயர்பாக்ஸின் முகம் யார் கையில்?

மென்பொருளின் தோற்றத்தை மாற்றுவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்பவர்களுடன் எனக்கு ஓயாத சண்டை. அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ், மகளிடம் மேக். மூன்றிலும் உலாவி பயர்பாக்ஸ்தான். ஆனால் தமிழ் எழுத்துரு மூன்றிலும் வேறு: விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம், லினக்ஸில் நோட்டோவோ லோஹித்தோ, எதை நிறுவியிருக்கிறோமோ அது. எழுத்துருவுக்கு எழுத்துரு அகலம் மாறும். உலாவியின் மேலே வரிசையாக நிற்கும் தாவல்கள் பெருகியதும் எல்லாத் தலைப்பும் "தமிழ்நா" என்று அறுந்து நின்றால் எதைத் திறப்பது? அழகு பார்க்கும் விஷயமா இது?

இதற்கு ஒரு சிறு உரைக்கோப்பு போதும். உதவி மெனுவில் பழுது நீக்கும் தகவல் பக்கத்தைத் திறந்தால், நம் அமைப்புகளைப் பயர்பாக்ஸ் சேமித்து வைக்கும் சுயவிவரக் கோப்புறைக்குப் போகும் பொத்தான் இருக்கும். அங்கே குரோம் (chrome) என்றொரு கோப்புறை, அதனுள் தோற்றத்துக்கான கட்டளைகளை எழுதும் யூசர்குரோம்.சிஎஸ்எஸ் (userChrome.css) கோப்பு; இல்லையென்றால் இரண்டையும் நாமே உருவாக்க வேண்டும். மூன்று எழுத்துருக்களின் பெயரையும் வரிசையாக எழுதி, அளவையும் குறித்துவிட்டால், எந்தக் கணினியில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அதே கோப்பை மூன்றுக்கும் நகலெடுக்கலாம். மேக்கில் திரையின் உச்சியில் இருக்கும் மெனு மட்டும் இதற்குக் கட்டுப்படாது. அது இயங்குதளத்தின் சொத்து. விண்டோஸில் வேறொரு வில்லங்கம்: நோட்பேடில் சேமித்தால் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி (.txt) ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும். பலர் வெறுத்துப்போய்க் கைவிடுவது இங்கேதான்.

2017இல் வந்த பயர்பாக்ஸ் 57ஆம் பதிப்போடு, உலாவியின் முகத்தையே மாற்றிய பழைய முழுத் தோற்றங்கள் போயின. 2019இல் 69ஆம் பதிப்பு, தொடக்க வேகத்தைக் காரணம் காட்டி, இந்தக் கோப்பைப் படிப்பதையும் இயல்பாக நிறுத்தியது. இப்போது அது படிக்கப்பட வேண்டுமானால் உள்ளமைப்புப் பக்கத்தில் (about:config) toolkit.legacyUserProfileCustomizations.stylesheets என்ற விசையைத் தேடிப்பிடித்து இயக்க வேண்டும். வேகம் நியாயமான காரணம்தான். வழியை அடியோடு அடைக்காததற்கு நன்றியும் சொல்வேன்.

உருவாக்குபவர்களின் எரிச்சலும் புரிகிறது. 2019இல், லினக்ஸின் பணிமேடைச் சூழலான க்னோமுக்குச் செயலிகளை எழுதுபவர்கள் பலர், எங்கள் செயலிகளுக்கு வேறு தோற்றம் பூசாதீர்கள் என்று லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் வழங்கல்களுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். யாரோ பூசிய வண்ணத்தில் பொத்தான் மறைந்தால் வசவு இவர்களுக்குத்தானே வருகிறது? ஆனால் அந்த மடலே, தன் கணினியில் தானே மாற்றிக்கொள்பவரைக் குறை சொல்லவில்லை.

பயர்பாக்ஸ் அமைப்புகளில், பக்கங்களுக்கான எழுத்துருவைத் தமிழுக்கென்றே தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். தாவலுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அதை மட்டும் சேர்த்தால் என் கோப்பில் பாதியை அழித்துவிடுவேன்.